கேட்டுவிட்டு ஒரு கடலை

நான் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலில் போன மாதம் ஒரு பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. சீட் உண்டு, ஸ்டீயரிங் உண்டு, கீழே மூன்று பெடல் உண்டு, எதிரே டிவி மாதிரி பெரிய திரை. இதில் உட்கார்ந்தால் ரோட்டுக்கே போகாமல் கார் ஓட்டிப் பழகலாமாம். "மேடம், ஒரு தடவை வந்து ஓட்டிப் பாருங்களேன், செம காமெடியா இருக்கு" என்று நித்யா போன் பண்ணினாள். நித்யா என் கடைசி வருஷத்தில் சேர்ந்து, நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்த பெண். இப்போது அங்கே பெண்களுக்கு அவள்தான் கார் கற்றுக்கொடுக்கிறாள். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை? அம்பத்தூர் ஓ.டி.க்கு மீன் வாங்கப் போகிற சாக்கில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் பெட்டி பேச ஆரம்பித்துவிட்டது. கிளட்சை அழுத்தவும், முதல் கியர் போடவும், கண்ணாடியைப் பார்க்கவும், இடதுபுறம் திரும்பவும். நானும் அழுத்தினேன், போட்டேன், பார்த்தேன், திரும்பினேன். பெட்டிக்கு நல்ல குரல், பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. திருப்பத்தில் ஒரு எருமை நின்றது. பெட்டி ஒன்றும் சொல்லவில்லையே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். "நீங்கள் தோல்வியடைந்துவிட்டீர்கள்" என்றது பெட்டி. இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தவளை, மீன் கூடையோடு, நித்யா முன்னால்!

அவள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அப்புறம் கொஞ்சம் கவலையாகக் கேட்டாள். "இதுவே எல்லாத்தையும் சொல்லிடுதே மேடம். இனிமே நாங்க பக்கத்துல உக்காந்து என்னத்த சொல்லிக் குடுக்கறது?"

"சொல்லுது சரி. கேக்குதா?"

"என்ன கேக்கணும்?"

இதற்கு நின்ற வாக்கில் பதில் சொல்ல முடியாது, மீன் கெட்டுவிடும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு விபத்து. டிரைவிங் ஸ்கூலில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மை. ஆபீசில் உட்கார்ந்து விண்ணப்பம் பூர்த்தி பண்ணுவதும், போட்டோ ஒட்டுவதும், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும்தான் என் வேலை. ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் இந்தப் பக்கம் வர வர, எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் "லேடி இன்ஸ்ட்ரக்டர் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றதும் திரும்பிப் போனார்கள். நாலு பேர் அப்படிப் போனதும் முதலாளி என்னைப் பார்த்தார். "ரோசி, உனுக்கு சைக்கிளு வுடத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப காரு இன்னா பெரிய விசயம்?" அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

முதலாளியின் பெயர் பக்தவச்சலம். கள்ளிக்குப்பத்துக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டி, லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்து, வெளியே வந்தபின் ஸ்கூல் ஆரம்பித்தவர். வச்சலம் சார் என்போம். பட்டாளத்து ஆள், கத்துவார் என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட சட்டை, சீவிய தலை, இடது பாக்கெட்டில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். அந்தப் பொட்டலம் பசிக்காக இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று.

வெறும் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு கிளட்ச் பற்றிச் சொன்னார். காலை மெதுவாக எடுக்கும்போது ஒரு இடத்தில் வண்டி லேசாக முனகும், அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்த வேண்டும் என்றார்.

"புரிஞ்சிதா?"

"புரிஞ்சுது சார்."

"இன்னா புரிஞ்சிது?"

"கிளட்ச் சார்."

"கிளட்சுக்கு இன்னா?"

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்தேன். அவர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அவரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் நாம் திருதிருவென்று விழித்தால் எந்த வாத்தியாரும் தானே சொல்லிவிடுவார், நான் படித்த கான்வென்டில் இப்படித்தான் பாஸ் ஆனேன். இவர் சொல்லவில்லை. இன்னொரு கடலை. பக்கத்தில் ஒரு நாய் வந்து படுத்து எழுந்து போயிற்று. வேறு வழியில்லாமல் கிளட்சை அழுத்தி, மெதுவாக எடுத்துப் பார்த்தேன். முனகல் ஒன்றும் என் காதில் விழவில்லை. உள்ளங்காலில் ஏதோ குறுகுறுவென்று நடுங்கியது.

"சார், கால்ல ஒரு நடுக்கம் வருது. அங்கதான் நிறுத்தணுமா?"

"அத்தான்! நான் முனகும்னேன், உனுக்கு நடுங்குது. முனகல் என்னுது, நடுக்கம் உன்னுது. உன்னுத நீ வச்சிக்கோ."

இன்றைக்கும் எந்த வண்டியில் ஏறினாலும் அந்த நடுக்கம்தான் எனக்குக் கணக்கு.

நான் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது அவர் கொடுத்த ஒரே கருவி, ஒரு பொட்டலம் கடலை. "கேள்வி கேட்டதும் ஒண்ண எடுத்து வாயில போட்டுக்கோ. அது அரையுற வரிக்கும் நீ பேசக் கூடாது. சொல்லிக் குடுக்கறவங்களுக்கு வாய் அரிக்கும் ரோசி. கேட்ட கையோட பதிலையும் அவங்களே சொல்லிடுவாங்கோ. அப்பால எதுக்கு கேட்டே?"

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்க்க வேண்டும். ஒரு கடலை மெல்லும் நேரம் எவ்வளவு நீளம் என்பது பக்கத்து சீட்டில் ஒருத்தி பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியும். முதல் வருஷத்தில் எனக்குப் பொறுமை வளர்ந்ததோ இல்லையோ, இடுப்பு வளர்ந்தது. "கார் ஓட்டச் சொல்லித் தர்றியா, கடலைக் கடையில வேலை பாக்கறியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதற்கும் ஒரு கடலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

வண்டிக்குள் கேட்கக் கூடாத கேள்விகள் என்று சில வைத்திருந்தார். "புரிஞ்சுதா?" கேட்கவே கூடாது. பெரியவர்களிடம் அதைக் கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், இல்லையென்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஊரில் மானேஜராக இருப்பவர், மாமியாராக இருப்பவர், பத்துப் பேருக்கு வேலை சொல்பவர் எல்லாம் எல் போர்டு மாட்டிய வண்டியில் ஏறும்போதே பாதி மானம் போய்விட்டதாக நினைத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். மிச்சத்தை அவர்களே கொடுப்பார்களா? "பயமா இருக்கா?" என்பதும் அப்படித்தான். இல்லவே இல்லை என்பார்கள், ஸ்டீயரிங் வியர்வையில் வழுக்கும். "இன்னிக்கு எந்த இடத்துல ரொம்ப பயமா இருந்துச்சு?" என்று கேட்டால், பயம் எல்லோருக்கும் உள்ளதுதான் போலிருக்கிறது, இடத்தை மட்டும் கேட்கிறார்கள் என்று நிம்மதியாக வாயைத் திறப்பார்கள். "அந்த பஸ் ஸ்டாண்ட் வளைவு மேடம், செத்தே போயிட்டேன்."

ஓடுகிற வண்டியில் "ஏன்" கூடாது. "ஏன் பிரேக் போட்டீங்க?" என்று நான் எவ்வளவு குழைந்து கேட்டாலும் அவர்கள் காதில் திட்டாகத்தான் விழும். நம் வீடுகளில் "ஏன்" என்று ஆரம்பித்து யார் கொஞ்சியிருக்கிறார்கள்? ஓடும்போது கண் பதில் சொல்லக்கூடிய கேள்வி மட்டும்தான். பின்னாடி என்ன வண்டி? அந்த ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும்? இப்படிக் கேட்டால் கண்ணாடியைப் பாருங்கள் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், பதில் சொல்லப் பார்த்துத்தானே ஆக வேண்டும். மற்றதெல்லாம் நிழலில் நிறுத்தியபின். "அந்த இடத்துல என்ன பார்த்தீங்க?" என்று தொடங்கினால் ஏன் என்பது தானாகவே வரும்.

அளவுக்கு மிஞ்சிப் போனவர்களும் உண்டு. கோயமுத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த ஒரு தம்பி, மகா கெட்டிக்காரர். பின்னாடி என்ன என்றேன். "வெள்ளை கார் மேடம். நாலு பேர் இருக்காங்க. ஓட்டறவர் போன் பேசறாரு. முன் சீட்டுல ஒரு நாய், அழகான நாய் மேடம்..." என்று அவர் வர்ணித்துக்கொண்டிருந்தபோது முன்னால் ஒரு தள்ளுவண்டி வந்துவிட்டது. நல்லவேளை, என் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. சாரிடம் சொன்னபோது, "கேள்வி வந்து கண்ண ஒரு எடத்துக்கு அனுப்புது. திரும்பி வர்றதுக்கும் நீதான் கேள்வி வைக்கணும்" என்றார். அதிலிருந்து பின்னாடி என்று கேட்டால் அடுத்த மூச்சில் முன்னாடி என்றும் கேட்பேன்.

இவ்வளவும் கைவந்த பிறகு, எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் நான் இருந்த கடைசி வருஷத்தில்தான் திலகவதி வந்தார்.

என்னைவிட நாலைந்து வயது இளையவர். அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் வீடு. கணவர் ஞானசேகரன் ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்து, பேச்சும் தடுமாறிப்போனது. வாரத்துக்கு மூன்று நாள் பூந்தமல்லியில் பிசியோதெரபி. ஆட்டோவில் அவரால் காலை மடக்கி ஏற முடியாது. டாக்சி கூப்பிட்டால், அவர் ஏறி உட்காருவதற்குள் டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இல்லையென்றால் தூரத்திலேயே தடியைப் பார்த்துவிட்டு சவாரியை ரத்து பண்ணிவிட்டுப் போய்விடுகிறார். மூன்று நாள் இரண்டாகி, இரண்டு ஒன்றாகிவிட்டது.

"இப்படி விட்டு விட்டு வந்தா கை இப்படியே நின்னுடும்னு தெரபி பண்றவங்க சொல்லிட்டாங்க மேடம்" என்றார் திலகவதி. "வீட்டுல கார் இருக்கு. அவருக்கு ஏற வசதியான கார். எங்கிட்ட லைசென்ஸும் இருக்கு, பத்து வருஷம் முன்னாடி எடுத்தது. ஓட்டத்தான் வரலை."

இதென்ன பிரமாதம், நாலே வாரத்தில் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

வண்டியை எடுங்கள் என்றேன், எடுத்தார். இடது என்றேன், இடது. நிறுத்துங்கள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நிறுத்தினார். கியர் போட்டது தெரியவே இல்லை. இவருக்கா ஓட்ட வரவில்லை என்று எனக்கே ஆச்சரியம். சரி, இனி கேள்விக்குப் போவோம் என்று, "இப்ப என்ன கியர்ல போறோம்?" என்றேன். சட்டென்று கியரை மாற்றினார். "பின்னாடி என்ன வருது?" என்றேன். பிரேக் போட்டார். பின்னால் பைக்கில் வந்தவர் எங்களைத் தாண்டும்போது சொன்னதை இங்கே எழுத முடியாது. "முன்னாடி என்ன?" என்றால் ஹாரன். நான் எதைக் கேட்டாலும் வாயால் பதில் வராது, கையோ காலோ எதையாவது செய்துவிடும். கடலை மென்று காத்திருந்தால் அந்த மௌனத்துக்கே பயந்து ஓரம் கட்டி நிறுத்தி, "தப்பா மேடம்? என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்ணிடறேன்" என்பார்.

போதாததற்குப் பின் சீட்டில் ஞானசேகரன். வீட்டில் அவரைத் தனியாக விட முடியாதென்று கூடவே கூட்டி வருவார். அந்த மனிதர் நன்றாகக் கார் ஓட்டியவர், சும்மா இருக்க முடியுமா? எதிரே மாடு வந்தால் "பி... பிரே..." என்று ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் மாடு அம்பத்தூரைத் தாண்டிப் போயிருக்கும். ஆனால் "பிரேக்" என்று முழு வார்த்தை வந்து விழுந்ததும் இந்த அம்மா வெறும் ரோட்டில் படக்கென்று பிரேக் போடுவார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக முன்னால் குனிந்து நிமிர்வோம். கோயிலில் கும்பிடுவதுபோல.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. ஒரு நாள் வகுப்பு முடிந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. ஞானசேகரன் "மணி... என்ன?" என்றார். திலகவதி ஓடிப்போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஃபேன்... ஓடுதா?" என்றார். உடனே எழுந்துபோய் ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தார். "போன்... யாரு?" என்றதும், கையிலிருந்த போனை வைத்தேவிட்டார். மறுமுனையில் பேசிக்கொண்டிருந்தது வேப்பம்பட்டில் இருக்கும் திலகவதியின் அக்கா. பாவம், பாதிப் பேச்சில் நின்றிருப்பார்.

"நான்... யாருன்னு... தானே... கேட்டேன்?" என்றார் ஞானசேகரன். அவர் முகத்தில் கோபம் இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

"அக்காதாங்க. எப்ப வர்றேன்னு கேட்டா. உங்களுக்கு உடம்பு இப்படி ஆனதுல இருந்து நான் போகவே இல்லியே, அதான். முருங்கைக்கா காச்சுக் கிடக்காம்."

அந்த வீட்டை மட்டும் சொல்லி என்ன? நம்மில் பாதி வீடுகளில் கேள்வி என்பது உட்கார்ந்த இடத்திலிருந்து போடும் உத்தரவுதானே. தண்ணி இருக்கா என்றால் கொண்டு வா. கதவு திறந்திருக்கா என்றால் மூடு. இருபத்தைந்து வருஷம் அப்படிக் கேட்டுக் கேட்டு ஓடியவரிடம் போய் நான் பின்னாடி என்ன வருது என்றால், அவருக்கு அது எப்படிக் கேள்வியாகத் தோன்றும்?

வச்சலம் சார் அப்போது ஸ்கூலை மகனிடம் கொடுத்துவிட்டு வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பல் கட்டிய பிறகு வேர்க்கடலையிலிருந்து பொட்டுக்கடலைக்கு இறங்கிவிட்டார், கேள்வியில் மட்டும் இறங்கவில்லை. அவரிடம் போய்ப் புலம்பினேன்.

"பின்னால இன்னா வருதுன்னு கேக்குறியே, அது உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். என் பக்கமும்தான் ஒரு கண்ணாடி இருக்கே."

"உனுக்குத் தெரியும்னு அந்தம்மாவுக்கும் தெரியும் இல்ல? தெரிஞ்சிகினே கேட்டா அது ஒண்ணு பரீட்ச. இல்லாங்காட்டி அதட்டல்."

"அப்ப என்னதான் சார் கேக்கறது?"

அவர் பொட்டுக்கடலையை வாயில் போட்டுக்கொண்டார். பொட்டுக்கடலை சீக்கிரம் அரைந்துவிடும் என்று நினைத்தேன். கட்டிய பல் அல்லவா, வேர்க்கடலையைவிட நேரமாயிற்று. கடைசியில் "அந்த வண்டில உனுக்குத் தெரியாதது இன்னா கீது?" என்றார்.

எனக்குத் தெரியாததா? அந்த வண்டியில் எந்த ஆணி எங்கே ஆடும் என்பது வரை எனக்குத் தெரியும் என்று கோபமாகத்தான் வந்தது. மறுநாள் காலை வண்டியில் ஏறி உட்கார்ந்து, என் பக்கத்துக் கண்ணாடியைச் சரிபண்ணக் கை வைத்தபோது கை அப்படியே நின்றது. பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கான கண்ணாடி தவிர, சொல்லிக்கொடுப்பவர் பின்னால் பார்க்க இடது பக்கம் மேலே இன்னொரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். அதைத் திருப்பிக் கூரையைப் பார்க்க வைத்தேன். மற்ற கண்ணாடிகள் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு ஏற்றபடி வைத்திருப்பது, என் சீட்டிலிருந்து பார்த்தால் கதவுதான் தெரியும்.

"திலகவதி, இங்க பாருங்க. இப்ப பின்னாடி என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது."

"விளையாடாதீங்க மேடம்."

"மாதா சத்தியமா தெரியாது. நீங்க சொன்னாதான் எனக்குத் தெரியும்."

என் காலை மட்டும் பிரேக்கின் மேலேயே வைத்திருந்தேன். நம்பிக்கை வேறு, பிரேக் வேறு. ஏரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஏதோ பெரிய வண்டியின் சத்தம் கேட்டது. எனக்கு நிஜமாகவே பயம். "பின்னாடி என்ன?" என்று கேட்டபோது என் குரல் கொஞ்சம் நடுங்கித்தான்போயிற்று. அதுதான் அவருக்குக் கேட்டது என்று நினைக்கிறேன். கை எங்கேயும் போகவில்லை, கால் எதையும் மிதிக்கவில்லை. கண் மட்டும் மேலே போய் வந்தது.

"தண்ணி லாரி மேடம். வேகமா வர்றான்." ஒரு மூச்சு விட்டு, "நான் ஓரமா போய் அவனை விட்டுடறேன்" என்றார்.

ஓரமாகப் போனார். லாரி தண்ணீரை இறைத்துக்கொண்டு தாண்டியது. விட்டுவிடுகிறேன் என்று அவராகவே சொன்னது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நான் கடலையைத் தேடினேன், எடுத்த வேகத்தில் பொட்டலம் கீழே கொட்டிவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பின் சீட்டுக்காரரையும் ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. "சார், நீங்க பிரேக்னு சொல்ல வேண்டாம். அது உங்க வாய்க்கும் கஷ்டம், எங்க கழுத்துக்கும் கஷ்டம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஒரு பக்கமாகத்தான் வந்தது, ஆனாலும் சிரிப்பு. "வண்டி நிக்கற இடத்துல மட்டும் ஒரு கேள்வி கேளுங்க. உங்களுக்கு நிஜமாவே தெரியாததைத்தான் கேக்கணும்." கணக்கு அதிகாரி அல்லவா, விதிமுறை என்றால் பிடித்துக்கொள்வார். சிக்னலில் நின்றால் யோசித்து, வார்த்தையைத் தேடிப் பிடித்து, "பெட்ரோல்... எவ்வளவு?" என்பார். பின் சீட்டிலிருந்து அந்த முள் அவருக்குத் தெரியாது. "பாதிக்கு மேல இருக்குங்க" என்று திலகவதி சொல்வார். முதல் இரண்டு நாள் பதிலோடு வண்டியை பெட்ரோல் பங்குக்கும் திருப்பப் பார்த்தார். மூன்றாவது நாளிலிருந்து பதில் மட்டும் வந்தது. சில சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் அவர் கேள்வி முடிந்திருக்காது. பின்னால் ஹாரன் கிழிக்கும். "இருங்க, அவர் கேட்டு முடிக்கட்டும்" என்று இந்த அம்மா கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு நிதானமாக எடுப்பார். எனக்கு வேலையே குறைந்துபோயிற்று.

கடைசி வகுப்பு அவர்களுடைய சொந்தக் காரில். அதில் என் பக்கம் பிரேக் கிடையாது. ஞானசேகரன் முன் சீட்டில், தடி அவர் முழங்காலுக்கு நடுவில். நான் பின்னால், கையில் பொட்டலம், வாயில் ஜெபம். கடைசி நாளில் சொல்லிக்கொடுப்பவர் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது என்பது வச்சலம் சாரின் சட்டம். எதிரே என்ன வந்தாலும் மென்றுகொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்த வாரம் இரண்டு வகுப்பைப் பயிற்சி வண்டியில் பூந்தமல்லிக்கே வைத்துக்கொண்டிருந்தோம், இன்றைக்கும் அங்கேதான் போனோம். நெரிசலில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே புகுந்தபோது நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன், திலகவதி இருக்கிற பிரேக்கை மிதித்தார். தெரபி நடக்கும் இடத்து வாசலில் கணவர் இறங்கும் வரை காத்திருந்து, பின்னால் ஹாரன் அடித்தவரிடம் கையைக் காட்டி, "ஒரு நிமிஷங்க, இறங்கிட்டு இருக்காரு" என்றார். யாரும் எதையும் ரத்து பண்ணவில்லை. தெரபி பண்ணுகிற பெண் வெளியே வந்து, "இந்த வாரத்துல மூணாவது தடவை! டிரைவர் மாத்தியாச்சு போல?" என்று கேட்டாள். ஞானசேகரன் மனைவியைக் காட்டினார், வலது கையால். முழுவதுமாகத் தூக்கவில்லை, ஆனால் அந்தக் கைதான்.

திரும்பி வரும்போது சிக்னலில் நின்றோம். நேரே போனால் அயனம்பாக்கம், வீடு. இடது பக்கம் ஆவடி ரோடு. ஞானசேகரன் வாயைத் திறந்தார். இன்றைக்கு என்ன, பெட்ரோலா, காற்றா என்று நான் நினைத்தேன்.

"எங்க... போலாம்?"

"வீட்டுக்குத்தாங்க. பசிக்குதா? இதோ போயிடலாம்" என்றார் திலகவதி. கை கியருக்குப் போய்விட்டது.

ஞானசேகரன் இல்லையென்று தலையை ஆட்டினார். வார்த்தை வரவில்லை, தடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தேடினார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். "எனக்கு... தெரியாது" என்றார். "நீ... சொல்லு."

திலகவதி எதையும் செய்யவில்லை. கியரில் இருந்த கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டார். அந்தக் கேள்வியை இதற்குமுன் அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. வாயில் இருந்த கடலை முடிந்துவிட்டது, இன்னொன்றைப் போட்டுக்கொண்டேன். மறுபடி சிவப்பு விழுந்தது. எங்கள் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைப் பார்த்தார். முன்னால் பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார்.

"வேப்பம்பட்டு" என்றார். "அக்கா வீட்டுக்குப் போலாங்க."

இடது பக்கத்து இண்டிகேட்டர் மின்னியது. பச்சை வந்ததும் வண்டி ஆவடி ரோட்டில் திரும்பியது. பின்னால் நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பதை இரண்டு பேரும் சுத்தமாக மறந்துவிட்டார்கள். எனக்கு நாலு மணிக்கு இன்னொரு வகுப்பு இருந்தது. அதை எப்படிச் சொல்வது? கடைசி நாளில் வாயைத் திறந்தால் சாரிடம் யார் பதில் சொல்வது? போனை எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு நித்யாவைக் கூப்பிட்டேன்.

"என் நாலு மணி கிளாஸை நீ எடுத்துக்கோம்மா."

"சரி மேடம். நீங்க எங்க போயிட்டு இருக்கீங்க? எப்ப வருவீங்க?"

"எனக்குத் தெரியாது. இரு, திலகவதியைக் கேட்டுச் சொல்றேன்."